எந்த மிருகம்னு சொல்லுங்க டாக்டர்!

சர்க்கரைப் புண்ணுக்கு கொலாஜன் ஷீட் ஒட்டுறாங்களே, அது மாடா, பன்றியா, மீனான்னு திருச்சியில எத்தனை பேஷண்ட்டுக்குத் தெரியும்? கேட்டா "அதெல்லாம் சுத்தம் பண்ணதுதான், பயப்படாதீங்க"ன்னு பதில். ஸ்ரீரங்கத்து மாமிகிட்ட உண்மையைச் சொன்னா வேணாம்னுடுவாங்களாம். நல்லா இருக்குய்யா நியாயம்!

இன்னொரு பக்கம் நம்ம ஜனங்க. "மிருகத்தோடதை உடம்பு ஏத்துக்காது." இது பாதி உண்மை. பன்றி செல்லு மேல 'ஆல்ஃபா-கால்'னு ஒரு சர்க்கரை இருக்கு. மனுஷனுக்கு அது கிடையாது, ஆனா அதை எதிர்க்கிற ஆன்டிபாடி நம்ம எல்லார் ரத்தத்துலயும் ரெடியா இருக்கு. அதனாலதான் செல்லையெல்லாம் கழுவி எடுத்துட்டு வெறும் சட்டத்தை மட்டும் வைக்கிறாங்க. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் பன்றிப் பித்தப்பையிலேர்ந்து இப்படிச் செஞ்ச 'கோலிடெர்ம்' 2023ல அனுமதி வாங்கிச்சு. அந்தச் சட்டத்தை நம்ம வெள்ளையணுக்கள் கொஞ்சம் கொஞ்சமா அரிச்சு எடுத்துடும், அந்த இடத்துல நம்ம சொந்தக் கொலாஜன் வளரும். பன்றி உள்ளயே குடியிருக்காது மக்களே :-)

ஆனா மாட்டுக் கொலாஜன் அலர்ஜி உள்ளவங்க இருக்காங்க. மீன் அலர்ஜி உள்ளவங்களும் இருக்காங்க. அப்போ "எந்த மிருகம்?"ங்கறது மடி ஆசாரக் கேள்வி மட்டுமில்ல, மருத்துவக் கேள்வி. மறைச்சு ஒட்டிட்டு, நாலு நாள்ல புண்ணு சிவந்து வீங்கினா, அது இன்ஃபெக்‌ஷனா அலர்ஜியான்னு வேற டாக்டர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

மாமி வேணாம்னா? சொல்லட்டுமே, கால் அவங்களோடது. டயாலிசிஸ்ல போடுற ஹெப்பாரினே பெரும்பாலும் பன்றிக் குடல்லேர்ந்துதான் வருது, அதையும் சேர்த்து விளக்குங்க. கன்சென்ட் ஃபார்ம்ல மாடு / பன்றி / மீன்னு ஒரே ஒரு வரி. அச்சடிக்க எவ்வளவு ஆகும்?