ஒரு மணித்தியாலத்துக்கு ஏழு வருடங்கள்



2014ஆம் ஆண்டு வெளிவந்த ‘இன்டர்ஸ்டெல்லார்’ என்ற ஆங்கிலப் படத்தைப் பற்றி மாணவர் சிலர் கேட்டனர். “ஹஸ்ரத், ஒரு கிரகத்தில் ஒரு மணித்தியாலம் தங்கினால் பூமியில் ஏழு வருடம் கழிந்துவிடுமாம். இது நடக்கக்கூடியதா?” விடை சொல்வதற்காகவே அதைப் பார்த்தேன். சினிமா பற்றிய மார்க்கத் தீர்ப்பு இன்றைய பேச்சல்ல. அக்கதையில் நம் வீடுகளுக்குரிய ஒரு பாடம் இருக்கிறது.

பூமியில் பயிர்கள் அழிகின்றன. புழுதிப் புயல் வீசுகிறது. மனைவியை இழந்த ஒரு விவசாயி, முன்னாள் விமானி, மனித குலத்துக்கு வேறு இடம் தேடி விண்வெளிக்குப் புறப்படுகிறார். மகனும் பத்து வயது மகளும் பாட்டனாரிடம் விடப்படுகின்றனர். மகள் அழுகிறாள், கோபிக்கிறாள். ஒரு கைக்கடிகாரத்தை அவளிடம் கொடுத்து, திரும்பி வருவேன் என்று வாக்களித்துச் செல்கிறார்.

கருந்துளை ஒன்றின் அருகிலுள்ள, நீர் நிறைந்த கிரகத்தில் அவர்கள் இறங்குகின்றனர். சற்று நேரத் தாமதம்தான். கப்பலுக்குத் திரும்பும்போது பூமியில் 23 வருடங்கள் கடந்துவிட்டன.

இது வெறும் கற்பனையா? பாரமான பொருளின் அருகே காலம் மெதுவாக ஓடும் என்பது 1915இல் ஐன்ஸ்டைன் வகுத்த கோட்பாட்டின் முடிவு. பின்னர் 2017இல் நோபல் பரிசு பெற்ற கிப் தோர்ன் இப்படத்துக்கு அறிவியல் ஆலோசனை வழங்கினார். வழிகாட்டும் செய்மதிகளின் கடிகாரங்கள் தரையிலுள்ளவற்றை விட நாளொன்றுக்கு ஒரு விநாடியின் பத்து இலட்சத்தில் 38 பங்கு வேகமாக ஓடுகின்றன. அதைத் திருத்தியே பயன்படுத்துகின்றனர். ஸூரா கஹ்பில் குகைவாசிகள் 309 வருடங்கள் தங்கியதையும், விழித்தபோது ஒரு நாளோ அதில் சிறு பகுதியோ தங்கினோம் என்று அவர்கள் எண்ணியதையும் ஓதும் நமக்கு, காலம் அல்லாஹ்வின் கட்டளைக்குட்பட்ட படைப்பு என்பது புதிய செய்தியல்ல. படமோ, மனிதனை மீட்பவர்கள் எதிர்கால மனிதர்களே என்று முடிவு காண்கிறது. படைத்தவனை மறந்த அந்த முடிவை நாம் ஏற்பதற்கில்லை.

ஆயினும் ஒரு காட்சி நெஞ்சை உலுக்குகிறது. 23 வருடங்களாக வந்து சேர்ந்த செய்திகளை அந்தத் தந்தை ஒரே இருப்பில் பார்க்கிறார். மகன் வளர்கிறான், மணம் முடிக்கிறான், குழந்தை பிறக்கிறது, அக்குழந்தை இறக்கிறது, பாட்டனாரும் இறக்கிறார். பதில் எதுவும் வராததால், இனித் தந்தையை விட்டுவிட வேண்டியதுதான் என்று மகன் முடிவு செய்கிறான். கடைசியில் மகள் தோன்றுகிறாள். தந்தை புறப்பட்டபோது அவருக்கிருந்த வயது இப்போது அவளுக்கு! பிள்ளைகளைக் காப்பாற்றப் போனவர், பிள்ளைகளின் வாழ்வையே தவறவிட்டார்.

சகோதரிகளே, இதற்கு விண்வெளிக்குப் போக வேண்டுமா? கட்டாரிலும் சவூதியிலும் குவைத்திலும் உழைக்கும் வாப்பாமார் எத்தனை பேர்? குடும்ப நிலையால் கடல் கடந்த உம்மாமார் எத்தனை பேர்? விடுமுறைக்கு வரும் வாப்பாவைக் கண்டு கதவின் பின்னால் ஒளியும் குழந்தையை நாம் பார்த்ததில்லையா? அவர்களைக் குறை சொல்லவில்லை. ஹலாலான உழைப்பு இபாதத்தாகும். ஆனால் எல்லை வேண்டும். வேலை முடிந்தால் பிரயாணி விரைந்து குடும்பத்திடம் திரும்ப வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. கணவனைப் பிரிந்த ஒரு பெண்ணின் ஏக்கத்தைக் கேட்ட உமர் (ரலி) அவர்கள், மகள் ஹப்ஸா (ரலி) அவர்களிடம் விசாரித்துப் படைவீரர்களுக்குத் தவணை நிர்ணயித்தார்கள். அது நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உள்ளன.

ஆகவே, “வீடு கட்டியதும் வருவேன்” என்பதை ஒரு திகதியாக மாற்றுங்கள். இருவரும் மஷூரா செய்து எழுதி வையுங்கள். வீடு கட்டி முடிந்ததும் மதில், மதில் முடிந்ததும் வாகனம் என்று தவணையை நீட்டும்படி நாம் கேட்காதிருப்போம். பிள்ளை அனுப்பும் குரல் செய்திக்கு அன்றே பதில் வரட்டும். அந்த மகன் கேட்டதும் ஒரு பதிலைத்தான். ஊரிலேயே இருந்து, பிள்ளைகள் தூங்கிய பின் கடை பூட்டி வரும் வாப்பாமாருக்கும் இது பொருந்தும்.

அல்லாஹ் காலத்தின் மீது சத்தியம் செய்து, மனிதன் நஷ்டத்தில் இருப்பதாக எச்சரிக்கிறான். பணம் போனால் மீண்டும் உழைக்கலாம். பிள்ளையின் பத்தாவது வயது மீண்டும் வராது. பிரிந்திருக்கும் குடும்பங்களை வல்ல அல்லாஹ் நலமாக ஒன்று சேர்ப்பானாக! ஆமீன்.