எந்த மண்ணில் எடுத்த விக்கெட்?

கோடையில் கண்மாய் வற்றியதும் எங்கள் பக்கத்துப் பையன்கள் அதற்குள் மூன்று குச்சியை நட்டுவிடுவார்கள். கரம்பை மண் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருக்கும். வெடிப்பின் விளிம்பில் விழுந்த டென்னிஸ் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்பது போட்டவனுக்கே தெரியாது. நேற்றுவரை பந்து பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தவன் அன்றைக்கு ஐந்து விக்கெட் எடுப்பான். மறுவாரம் சரளை பரந்த செம்மண் பொட்டலில் அதே பையன் போட்டால் பந்து நேராக மட்டைக்கு எழும்பி வரும். ஓவருக்கு இருபது ஓட்டம் கொடுப்பான். கண்மாயில் அவனைத் தோளில் தூக்கியவர்களும் பொட்டலில் அவன் கையிலிருந்து பந்தைப் பிடுங்கியவர்களும் ஒரே ஆட்கள்தான். இடையில் மண் மாறியதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

2024 டிசம்பர் 18 அன்று பிரிஸ்பேனில் ரவிச்சந்திரன் அஸ்வின் ஓய்வை அறிவித்தபின் காதில் விழுந்த பேச்சுகளில் இந்தப் பிழையே பெரிய அளவில் தெரிந்தது. 106 டெஸ்ட், 537 விக்கெட். அவற்றில் 383 இந்திய மண்ணில் எடுத்தவை. அந்த ஓர் எண்ணை வைத்தே அவரை உள்ளூர்ப் புலி என்று சொல்லி முடிக்கிறார்கள். இந்தத் தீர்ப்பை நம் இதழ் ஏற்கவில்லை. அஸ்வினுக்கு நம் வக்காலத்து தேவையில்லை. எடைபோடும் முறையே பிழையாக இருப்பதால் எழுதுகிறோம்.

2013 என்ற ஒரே ஆண்டை எடுத்துக்கொள்வோம். பிப்ரவரியில் சேப்பாக்கம், செட்டிநாட்டு அரசர் குடும்பத்து எம்.ஏ. சிதம்பரத்தின் பெயரைத் தாங்கிய அரங்கம். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அஸ்வின் 103 ஓட்டங்களுக்கு 7, 95 ஓட்டங்களுக்கு 5 என 12 விக்கெட் எடுத்தார். தோனி 224 அடித்த அந்த ஆட்டத்தின் முதல் இன்னிங்ஸில் ஆஸ்திரேலியாவின் நேதன் லயன் 47 ஓவர் வீசி, 215 ஓட்டம் கொடுத்து, 3 விக்கெட் எடுத்தார். ஹைதராபாதில் நடந்த அடுத்த டெஸ்டில் அவருக்கு இடமில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க். 458 என்ற இலக்கைத் துரத்திய தென்னாப்பிரிக்கா 7 விக்கெட்டுக்கு 450 எடுத்து நின்றது. அந்த டெஸ்டில் அஸ்வின் 42 ஓவர் வீசி 108 ஓட்டம் கொடுத்தார், ஒரு விக்கெட்கூட விழவில்லை. டர்பனில் நடந்த அடுத்த டெஸ்டில் அவருக்கும் இடமில்லை.

இரண்டு ஆஃப் ஸ்பின்னர்கள், பழக்கமில்லாத இரண்டு மண்கள், ஒரே மாதிரித் தண்டனை. லயன் அதே தொடரில் டெல்லியில் 94 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டும், 2017இல் பெங்களூருவில் 50 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டும் எடுத்தார். பின்னாளில் இருவருமே 500 விக்கெட்டைத் தாண்டினார்கள். 2013இல் எழுதிய தீர்ப்புகள் எவ்வளவு அவசரமானவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மண் செய்யும் வேலை நுட்பமானது. களிமண் எவ்வளவு, எத்தனை நாள் தண்ணீர் விட்டார்கள், ரோலர் எவ்வளவு ஓடியது, புல்லை எந்த அளவு விட்டுவைத்தார்கள் என்பதையெல்லாம் பொறுத்துப் பந்தின் குணம் மாறும். பொதுவாகச் செம்மண் களத்தில் பந்து எழும்பும். காய்ந்தால் மேற்பரப்பு பொடியும். கரிசல் களம் இறுகிக் கிடந்து பந்தைத் தாழ்வாகவும் மெதுவாகவும் அனுப்பும். ஆஸ்திரேலியாவில் எழும்பும் களமே துணை என்பதால், பந்து முன்னோக்கி உருண்டு சுழன்று மட்டையாளர் எதிர்பார்த்த இடத்துக்கு முன்பே விழுந்து எழ வேண்டும். அடிலெய்டு ஓவலில் ஆடுகளப் பராமரிப்புப் பணியாளராக இருந்த லயன் அப்படிப்பட்ட களத்தில் தேறியவர். இங்கே வந்தால் பக்கவாட்டுச் சுழலும் கூடுதல் வேகமும் தேவை. அங்கே விக்கெட் தந்த பந்தே இங்கே தூக்கி அடிப்பதற்கு வாகாகப் போய்விடும். விரலின் பழக்கத்தை மாற்ற ஆண்டுகள் பிடிக்கும். தேர்வாளர்கள் ஒரு டெஸ்ட்தான் காத்திருந்தார்கள்.

அப்படியானால் எப்படித்தான் எடைபோடுவது? அதே களத்தில், அதே பந்தை, மறுமுனையிலிருந்து வீசியவர் என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும். 2013 சேப்பாக்கத்தில் விழுந்த ஆஸ்திரேலியாவின் 20 விக்கெட்டும் சுழலுக்கே விழுந்தன. அவற்றில் ஜடேஜாவுக்கு 5, ஹர்பஜன் சிங்குக்கு 3. இதே திடலில் 2001இல் ஆஸ்திரேலியாவின் 15 விக்கெட்டைச் சாய்த்தவர் ஹர்பஜன். களம்தான் விக்கெட் கொடுத்தது என்றால் அவருக்கும் கொடுத்திருக்க வேண்டும்.

2021 பிப்ரவரி இன்னும் தெளிவான சாட்சி. சேப்பாக்கத்திலேயே அடுத்தடுத்து இரண்டு டெஸ்ட். முதலாவதின் முதல் இன்னிங்ஸில் இங்கிலாந்து 578 எடுத்தது, அஸ்வின் 55.1 ஓவர் உழைத்து 3 விக்கெட் எடுத்தார். நான்கு நாள் கழித்து, பக்கத்தில் போட்டிருந்த வேறொரு களத்தில், முதல் நாளே புழுதி பறந்தது. இங்கிலாந்து 134க்குச் சுருண்டது. அஸ்வினுக்கு 43 ஓட்டங்களுக்கு 5. ஆடவே முடியாத களம் என்று அதைச் சிலர் ஒதுக்கியபோது, அதே களத்தில் மூன்றாம் நாள் மட்டையைப் பிடித்து அவரே 106 அடித்தார்.

இந்த அளவுகோல் ஒருவரை உயர்த்த மட்டும் பயன்படுவதில்லை. 1988 ஜனவரியில், பொடிந்துபோன சேப்பாக்கம் களத்தில், நரேந்திர ஹிர்வானி தன் முதல் டெஸ்டிலேயே வெஸ்ட் இண்டீஸின் 16 விக்கெட்டை 136 ஓட்டங்களுக்கு எடுத்தார். மற்றவர்களுக்குச் சேர்த்து நான்கே மிஞ்சியதால் அன்றைய திறமை அவருடையதுதான். முதல் நான்கு டெஸ்டில் 36 விக்கெட் எடுத்தவருக்கு அடுத்த பதின்மூன்றில் கிடைத்தவை 30. ஒரு களத்தின் உண்மையை ஒரு வாழ்நாளின் உண்மையாக நாம்தான் நீட்டினோம். அந்தப் பாரத்தைப் பத்தொன்பது வயதுப் பையன் சுமந்தான்.

பெரியவர்களும் மண்ணுக்குக் கட்டுப்பட்டவர்களே. ஷேன் வார்ன் இந்தியாவில் ஒரு விக்கெட்டுக்கு 43 ஓட்டம் கொடுத்தார். கண்டித் தமிழர் முத்தையா முரளிதரன் ஆஸ்திரேலியாவில் ஐந்து டெஸ்டில் எடுத்தது 12 விக்கெட். அவரே 1998இல் லண்டன் ஓவலில் 16 விக்கெட் எடுத்தவர். இவர்களை யாரும் உள்ளூர்ப் புலி என்று சொன்னதில்லை, சொல்லவும் கூடாது.

தமிழில் கிரிக்கெட் எழுதுவோரிடம் ஒரு வேண்டுகோள். விக்கெட் எண்ணிக்கைக்குக் கீழே மூன்று செய்தி சேருங்கள்: களம் எப்படிப்பட்டது, பந்து வீசியது எத்தனையாவது நாள், மறுமுனையில் இருந்தவர் எத்தனை எடுத்தார். வாசகருக்கு மீதி தானே விளங்கும்.

இந்தக் கோடையிலும் கண்மாய் வற்றும். வெடித்த கரம்பையில் எவனாவது ஒரு பையன் ஐந்து விக்கெட் எடுப்பான். அவனைச் செம்மண் பொட்டலுக்கும் அழைத்துப்போவோம். அங்கே அடி வாங்கினால் பந்தைப் பிடுங்காமல் அடுத்த ஓவரையும் அவனிடமே கொடுப்போம்.