வாழும் ஊரும் நம் ஊரே

மும்பை மாநகரின் தென்பகுதியில் ‘ஃபோர்ட்’ என்றொரு பகுதி உண்டு. வங்கிகளும் நீதிமன்றங்களும் அலுவலகங்களும் நிறைந்த அவ்விடமே அம்மாநகரின் பழைய மையம் ஆகும். அங்கும் அதனை அடுத்த கொலாபாவிலும் பெற்றோரின் பணி காரணமாகக் குடியிருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் உள்ளனர். “உன் ஊர் எது?” என்று அவர்களைக் கேட்டால், மதுரை என்றோ நாகர்கோவில் என்றோ விடை வரும். அவ்விடையில் பிழை இல்லை. ஆயினும், ஆண்டில் பதினொரு மாதம் வாழ்கின்ற தெருவைப் பற்றி ஒன்றும் அறியாதிருப்பது பெரிய இழப்பு என்பது என் கருத்து. குடியிருக்கும் ஊரை நடந்து பார்த்து அறிய வேண்டும். அறிந்ததைத் தமிழில் சொல்லவும் வேண்டும்.

மாணவர்களே! பேருந்தின் சன்னல் வழியே பார்த்தால் கட்டடங்கள் தெரியும், ஊர் தெரியாது. நடப்பவருக்கே கேள்விகள் எழும். ‘ஃபோர்ட்’ என்றால் கோட்டை. அந்தக் கோட்டை எங்கே? ஆங்கிலேயர் எழுப்பிய மதில்கள் 1860களில் இடிக்கப்பட்டன; பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. சர்ச்கேட் ரயில் நிலையத்தில் நாள்தோறும் பெருங்கூட்டம் இறங்குகிறது. அங்கே கோட்டை வாயில் எதுவும் இல்லை. 1718ஆம் ஆண்டில் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட புனித தோமையார் தேவாலயத்துக்குச் செல்லும் வழியில் இருந்த வாயிலுக்கே அப்பெயர் வழங்கியது. அவ்வாயில் இருந்த இடத்தில் இன்று ஃப்ளோரா நீரூற்றைக் காணலாம். ‘காலா கோடா’ என்றால் கருங்குதிரை. குதிரைமேல் அமர்ந்த ஆங்கிலேய மன்னரின் சிலை 1965இல் அங்கிருந்து அகற்றப்பட்டது. மக்களோ குதிரையின் பெயரை விடவில்லை. 2017இல் அங்கே மீண்டும் ஒரு கருங்குதிரைச் சிலை நிறுவப்பட்டது. இம்முறை அதன்மேல் மன்னர் இல்லை.

“இது நம் ஊர் அன்று, நாம் பிழைக்க வந்தவர்கள்” என்று சிலர் கூறுவர். அப்படியானால், இந்தப் பகுதியை உருவாக்கியவர்கள் யார் என்று பார்ப்போம். கப்பல் கட்டும் பணிக்காக 1736இல் சூரத்திலிருந்து வந்தவர் லவ்ஜி நசர்வான்ஜி வாடியா என்னும் பார்சி. அவருடைய வழித்தோன்றல்கள் தேக்கு மரத்தால் கட்டிய கப்பல் ஒன்று 1817இல் இங்கே கடலில் இறக்கப்பட்டது. இருநூறு ஆண்டுகள் கடந்த பின்னும் அக்கப்பல் இங்கிலாந்தில் மிதந்துகொண்டிருக்கிறது. அதன் பெயர் ‘டிரிங்கோமலி’. நம் நாவில் அது திருகோணமலை. காலா கோடாவில் உள்ள பழைய நூலகம் ஒன்று, பாக்தாதிலிருந்து வந்த யூத வணிகர் டேவிட் சசூனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1878இல் கட்டி முடிக்கப்பட்ட பல்கலைக்கழக மணிக்கூண்டு, சூரத்தில் பிறந்த பிரேம்சந்த் ராய்சந்த் அளித்த நன்கொடையால் எழுந்தது. தம் அன்னை ராஜாபாயின் பெயரை அதற்கு அவர் சூட்டச் செய்தார். இவர்கள் அனைவரும் வேறிடங்களிலிருந்து வந்தவர்களே அல்லரோ?

“அவர்கள் செல்வர்கள், நாமோ மாற்றலில் வந்தவர்கள்” என்பது அடுத்த மறுப்பு. இதிலும் ஓரளவு உண்மை உண்டு. கல்வெட்டில் பெயர் பொறிக்கப்படுவது பொருள் உள்ளவர்க்கே. கல் சுமந்தவர்களின் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. கோட்டைக்குள்ளும் எல்லோரும் ஒன்றாக வாழவில்லை. தெற்கே ஐரோப்பியரும் வடக்கே இந்திய வணிகரும் குடியிருந்தனர். 1803இல் மூண்ட பெருந்தீ வடபகுதியை அழித்தபின், பலர் மதிலுக்கு வெளியே குடியேறினர். எனவே, ஓர் ஊரை அறிவது என்பது அதன் பெருமையை மட்டும் அறிவது அன்று. நம்மவரும் இந்நகருக்கு உழைப்பைத் தந்தவர்களே. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் தோல் பதனிட்ட குடும்பங்களின் வரலாறும் மும்பையின் வரலாறே ஆகும்.

இதற்கும் தமிழ்ப் பாடத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். ‘எங்கள் ஊர்’ என்ற தலைப்பில் எழுதச் சொன்னால், பலர் வயலையும் வாய்க்காலையும் பற்றி எழுதுகின்றனர். அவை கோடை விடுமுறையில் பத்து நாள் பார்த்தவை. வீட்டு வாசலில் நாள்தோறும் காணும் புறாக்கூட்டமும், நண்பகலில் உணவு அடுக்குகளுடன் விரையும் டப்பாவாலாக்களும் அக்கட்டுரைகளில் இடம்பெறுவதில்லை. பார்க்கும் பொருளைச் சொல்லப் பயன்படாத மொழி, விடுமுறைக்கு மட்டும் எடுத்து உடுத்தும் பட்டாடையாகிவிடும். நாள்தோறும் உடுத்தும் பருத்தியாடையாகத் தமிழ் இருக்க வேண்டுமாயின், மும்பைத் தெருவையும் அது பேச வேண்டும். மராத்தியில் நான்கு சொல் கற்றுக் கடைக்காரரிடம் பேசுவதால் தமிழ் குறைந்துவிடாது. தமிழில் எழுதுவதற்குச் செய்தி மிகும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோர்ட் பகுதியின் அலுவலகங்கள் மூடியிருக்கும். நடப்பதற்கு வழி கிடைக்கும். பெற்றோருடன் போரா பஜார் தெருவுக்குச் செல்லுங்கள். கடைகளின் மேல்தளங்களில் குடும்பங்கள் வாழ்வதைக் காண்பீர்கள். அங்கே நெடுநாள் வாழும் முதியவர் ஒருவரிடம் வணக்கம் கூறி, தெருவின் பழைய கதையைக் கேளுங்கள். அடுத்த மாற்றல் எந்த ஊருக்கு வந்தாலும், இவ்வழக்கத்தை உடன் எடுத்துச் செல்லுங்கள். அறிந்த ஊர்கள் எத்தனையோ, அத்தனையும் உங்கள் ஊர்களே.