பார்த்தவன் பேசாவிட்டால் பொறுப்பு யாருக்கு?



வொர்க்‌ஷாப்பில் ஒரு வெர்னியர் காலிப்பர் உடைகிறது. "யார்றா உடைச்சது?" என்று கேட்கிறார் சார். பார்த்தவர்கள் பத்துப் பேர் இருப்போம். ஆனாலும் வாயைத் திறக்க மாட்டோம். சொன்னால் சாயங்காலம் ஹாஸ்டலில் உதை விழும் என்ற பயம்தான்! "தெரியலைங்க சார்" என்பதோடு விசாரணை முடிந்துவிடும். ஒரு காலிப்பருக்கே இப்படி என்றால், ஐந்து உயிர்களுக்கு...?

2006 ஜனவரி 2. இலங்கையில் பேருக்குப் போர்நிறுத்தம் இருந்த காலம். திருகோணமலைக் கடற்கரையில் பேசிக்கொண்டிருந்த தமிழ் மாணவர்களில் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். எல்லாருக்கும் நம்ம வயசுதான்! கையெறிகுண்டு வெடித்து இறந்ததாகத்தான் முதலில் சொன்னார்கள். பத்திரிகையாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்களிலோ துப்பாக்கிக் குண்டுக் காயங்கள் தெரிந்தன. அதே மாதம் 24-ஆம் தேதி அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்புறம் யாருக்குச் சாட்சி சொல்லத் துணிச்சல் வரும்?

அந்த வருடம் நவம்பரில், நீதிபதி உடலகம தலைமையில் அரசு ஆணைக்குழு அமைத்தது. இந்தக் கொலை உட்பட 16 சம்பவங்களை அது விசாரிக்க வேண்டும். அதைக் கண்காணிக்கப் பன்னாட்டு வல்லுநர் குழு. தலைவர் இந்தியாவின் முன்னாள் தலைமை நீதிபதி பி.என்.பகவதி. 2008-ல் அந்தக் குழு விலகிக்கொண்டது. அரசுக்கு வக்கீலான சட்டமா அதிபர் அலுவலகமே ஆணைக்குழுவுக்கும் உதவுகிறது, சாட்சிகளுக்குப் பாதுகாப்பில்லை என்பவை அதன் முக்கியக் குறைகள். நாமக்கல் லாரிப் பட்டறையில்கூட வெல்டிங் வைத்தவரே செக் பண்ணி 'ஓ.கே.' சொன்னால் ஓனர் ஒத்துக்கொள்வாரா?

2009-ல் முடிந்த அறிக்கை 2015-ல்தான் வெளியே வந்தது. சாட்சிப் பாதுகாப்புச் சட்டமும் 2015-ல்தான்! இதற்குள் முக்கியச் சாட்சிகள் உயிருக்குப் பயந்து வெளிநாடு போய்விட்டார்கள். 2013-ல் கைதான போலீஸ் துறையினர் 13 பேரும், சாட்சியம் போதவில்லை என்று 2019 ஜூலையில் விடுதலை ஆனார்கள்.

சாட்சியம் இல்லாமல் யாரையும் தண்டிக்கக் கூடாது. அது சரிதான். ஆனால் சாட்சியம் ஏன் இல்லாமல் போனது? அதற்கு யார் பொறுப்பு? சுட்டவன் மட்டுமா? உத்தரவு போட்டவன், மூடி மறைத்தவன், சாட்சியைக் காப்பாற்றாத அரசு... எல்லாருக்கும் பங்கு உண்டு என்பதே என் கருத்து.

சாட்சி பேசினால் நியாயம் கிடைத்துவிடுமா? மிருசுவிலில் 2000 டிசம்பரில் 8 பேர் கொல்லப்பட்டார்கள். தப்பிய ஒருவர் துணிந்து பேசினார். 2015-ல் ராணுவ சார்ஜன்ட் ஒருவருக்கு மரண தண்டனை கிடைத்தது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2020 மார்ச்சில் ஜனாதிபதி கோத்தபய ராஜபக்ச மன்னித்து விடுவித்துவிட்டார்! இருபது வருஷம் பயத்தோடு போராடியது ஒரே கையெழுத்தில் போச்சு.

இது தமிழனுக்கு மட்டும் கேட்கும் நியாயம் இல்லைங்க. அதே 2006-ல் கெப்பித்திகொல்லாவவில் பஸ்ஸில் போன 60-க்கும் மேற்பட்ட சிங்களக் கிராமத்து மக்கள் கண்ணிவெடியில் இறந்தார்கள். அதுவும் அந்த 16-ல் ஒன்று. அவர்களுக்கும் பதில் வேண்டும்.

கொழும்பு நமக்கு எட்டாத தூரம். நம்ம வொர்க்‌ஷாப் பக்கத்தில்தான் இருக்கிறது. அடுத்த தடவை ஒருத்தன் எழுந்து "நான் பார்த்தேன் சார்" என்று சொன்னால், சாயங்காலம் அவன் பக்கத்தில் நாம் நிற்போமா?

சிந்திப்போம் நண்பர்களே!