கேமரன் மலைத் தோட்டப்புறச் சிறுதொழில் மகளிரின் கோரிக்கை மனு

அனுப்புநர்: கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் சிறுதொழில் செய்யும் மகளிரின் சங்கம்

பெறுநர்: மாவட்ட அதிகாரி, கேமரன் மலை, தலைவர், கேமரன் மலை மாவட்ட மன்றம், தானா ராத்தா, பகாங்

பொருள்: லயத்து வீடுகளில் தொழில் செய்யும் பெண்களுக்கு உரிமம், கடனுதவி, சமூகப் பாதுகாப்பு கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து இம்மலையின் தேயிலை தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் உழைப்பால் வளர்ந்தது. இன்று கொழுந்தெடுப்பில் வெளிநாட்டுத் தொழிலாளர்களே மிகுந்திருக்க, தோட்டங்களில் தங்கிவிட்ட குடும்பங்களின் பெண்கள் பலர் முறுக்கு, இடியப்பம், நாசி லெமாக், ஊறுகாய், தையல், பூமாலை எனக் கைத்தொழில் செய்து வீட்டுச் செலவைத் தாங்குகின்றனர்.

இவர்களின் முதல் இடர் முகவரியிலேயே தொடங்குகிறது. 1956-ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டப்படி தொழில் தொடங்கிய 30 நாள்களுக்குள் எஸ்எஸ்எம் எனப்படும் நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் பதிய ஆண்டுக்கு 30 வெள்ளியே கட்டணம். ஆனால் மாவட்ட மன்ற உரிமத்துக்குத் தொழில் நடக்கும் இடத்துக்கான ஆதாரம் தேவைப்படுகிறது. லயம், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசை, தோட்ட நிர்வாகத்துக்கு உரியதாகவும் வேலையோடு பிணைந்ததாகவும் இருப்பதால், அங்கு அடுப்பு மூட்டுபவருக்குக் காட்ட ஒரு தாள்கூட இல்லை. உரிமம் இல்லாததால் முறையான கடனும் எட்டாமல் போகிறது.

இரண்டாவது இடர் தட்பவெப்பம். இரவில் வெப்பநிலை 15 பாகை வரை இறங்கும் இம்மலையில், இட்லி மாவு புளிக்காமல் கிடப்பதால் பானையைத் துணியால் சுற்றி அடுப்போரம் வைக்கின்றனர். மாலையில் சுட்ட முறுக்கோ பனியீரத்தில் மறுநாளே நமத்துப்போகிறது. காற்றுப்புகாமல் பொட்டலமிடும் ஒரு கருவி இருந்தால் நீங்கும் இந்த நட்டம், அதை வாங்க முதலில்லாததால் நீடிக்கிறது.

மூன்றாவது இடர் முதலீடு. 1998-இல் அமைந்த தெக்குன் நேஷனலின் ஸ்பூமி எனும் இந்தியத் தொழில்முனைவோர் கடன் திட்டமும், 1987-இல் தோன்றிய அமானா இக்தியாரின் பெண் எனும் இந்திய மகளிர் கடன் திட்டமும் நடைமுறையில் உள்ளன. எனினும் மலைச்சாலைகளில் நகரம் சென்று வர ஒரு நாள் கூலியை இழக்க நேர்வதால், பெண்கள் அண்டை வீட்டாருடன் சேர்ந்து கட்டும் கூட்டு எனும் சீட்டையோ வட்டிக்காரரையோ நாடுகின்றனர். 1971-ஆம் ஆண்டின் தடைச் சட்டம் ஒன்று அந்தக் 'கூட்டு' எனும் சொல்லையே தன் பெயரில் தாங்கி நிற்பதால், பணம் பறிபோனாலும் முறையிட அஞ்சுகின்றனர்.

ஆகவே சங்கம் பின்வருவனவற்றைக் கோருகிறது:

1. தோட்ட நிர்வாகத்தின் ஒப்புதல் கடிதத்தை இட ஆதாரமாக ஏற்று, வீட்டுத் தொழிலுக்குக் குறைந்த கட்டணத்தில் உரிமம் வழங்க வேண்டும்.

2. ரிங்லெட், பிரிஞ்சாங், கம்போங் ராஜா ஆகிய இடங்களில் பொட்டலக் கருவியுடன் பொதுச் சமையற்கூடம் அமைக்க வேண்டும்.

3. எஸ்எஸ்எம், தெக்குன், அமானா இக்தியார், சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு அமைப்பு ஆகியவற்றின் அலுவலர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தோட்டங்களுக்கே வந்து, 2017-ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழும் பெண்களைப் பதிய வேண்டும்.

4. 2009-ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிகள் கட்டாயமாக்கும் உணவு கையாள்வோர் பயிற்சியையும் டைபாய்டு தடுப்பூசியையும் தோட்டத்திலேயே, தமிழ் விளக்கத்துடன் அளிக்க வேண்டும்.

5. சுற்றுலாப் பயணிகள் கூடும் இடங்களிலும் பாசார் மாலாம் எனும் இரவுச்சந்தையிலும் தோட்டப்புற மகளிருக்குக் கடை இடங்களை ஒதுக்க வேண்டும்.

6. ஆயாக்கொட்டகை எனப்படும் குழந்தைக் காப்பகம் இல்லாத தோட்டங்களில் அதனை ஏற்படுத்த வேண்டும்.

இவற்றுள் முதற்கோரிக்கைக்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை. ஒரு கடிதத்தை ஏற்கும் முடிவு போதும். அந்த முடிவு பிறந்தால் மற்ற உதவிகளுக்கும் வழி திறக்கும் என்பதால், அதனை முதலில் நிறைவேற்றித் தருமாறு சங்கம் பணிவுடன் வேண்டிக்கொள்கிறது.

இப்படிக்கு,
சங்கத் தலைவி, செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்