ரிஜிஸ்டரில் ஓடிய ஜெனரேட்டர்

நான் வேலை பார்த்த அலுவலகத்தில் மாதம் ஒருமுறை ஜெனரேட்டரைப் பத்து நிமிஷம் ஓட்டி, ‘நல்ல நிலையில் உள்ளது’ என்று ரிஜிஸ்டரில் எழுதுவோம். நானே எழுதியிருக்கிறேன். லோடு கொடுத்துப் பார்த்ததே இல்லை. புயலன்று கரண்ட் போனது. லோடு ஏறியதும் ஜெனரேட்டரும் நின்றது.

அணுமின் நிலையத்தில் இப்படி நடக்காது என்பவர்கள் ஸ்வீடனின் ஃபோர்ஸ்மார்க்கைப் பார்க்கட்டும். உலையை நிறுத்தினாலும் எரிபொருள் சூடாகிக்கொண்டே இருக்கும். தண்ணீர் பாய்ச்ச மின்சாரம் வேண்டும். 2006 ஜூலை 25 அன்று வெளியே ஸ்விட்ச்யார்டில் ஷார்ட் சர்க்யூட். நான்கு டீசல் ஜெனரேட்டர்களும் ஓடின. இரண்டின் மின்சாரம் மட்டும் போய்ச் சேரவில்லை. எஞ்சினில் பழுதில்லை. மின்னழுத்தம் எகிறியதில் யூபிஎஸ்கள் நின்றுபோயின. அவற்றை நம்பியிருந்த வேகமானியும் செத்தது. அதனால் இணைப்பு விழவில்லை. சுமார் 22 நிமிஷம் கழித்து ஊழியர்கள் கையால் இணைத்தார்கள். அதுவரை காப்பாற்றியவை மற்ற இரண்டும்தான்.

டீசலைத் தனியே ஓட்டிப் பார்த்தால் இந்தக் குறை தெரியுமா? யூபிஎஸ் முதல் பம்பு வரை சேர்த்துச் சோதியுங்கள். முழு லோடில் மணிக்கணக்காக ஓட்டுங்கள். மின்னழுத்தம் எகிறினால் எது நிற்கும் என்றும் பாருங்கள். தோற்றால், தோற்றது என்றே எழுதுங்கள்.

அப்படி எழுதாத குமாஸ்தா சொல்கிறேன்.