ஓடுகளத்துக்கு வெளியே நிற்கும் தடை

2023 அக்டோபர் 2-ல் சீனத்தின் ஹாங்சோ நகரில், ஆசியப் போட்டியின் 400 மீட்டர் தடை ஓட்டத் தகுதிச் சுற்றில், கோவை நங்கை வித்யா ராம்ராஜ் 55.42 வினாடியில் ஓடி முடித்தார். 39 ஆண்டுகளாக இந்தியப் பெண் எவரும் எட்டாத கணக்கு அது! 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா அதே 55.42 வினாடியில் ஓடி, வினாடியில் நூறில் ஒரு பங்கால் வெண்கலத்தை இழந்தார். வித்யாவும் ஹாங்சோவுக்கு முன், செப்டம்பரில், சண்டிகரில் 55.43 வரை வந்து, அதே நூறில் ஒரு பங்கால் சாதனையைத் தவறவிட்டவர்தான். மூன்றே வாரத்தில் அதைச் சமன் செய்தார். மறுநாள் இறுதி ஓட்டத்தில் வெண்கலம். தொடர் ஓட்டங்களில் இரண்டு வெள்ளி.

யார் வீட்டுப் பெண் இவர்? மாளிகையில் பிறந்தவரா? இல்லை, தோழர்களே! ஆட்டோ ஓட்டிப் பிழைத்தவரின் மகள். உடன்பிறந்த இரட்டையர் நித்யாவும் 100 மீட்டர் தடை ஓட்டத்துக்காக அதே ஹாங்சோ சென்றவர்.

'ஆண்டவன் தந்த வரம்' என்பார் சிலர். 'தலையெழுத்து' என்பார் வேறு சிலர். நாம் கேட்கிறோம்: ஈரோட்டு விளையாட்டு விடுதி இல்லாதிருந்தால் அந்த வரம் எங்கே போயிருக்கும்? பெண்களுக்கான இந்த ஓட்டத்தில் பத்துத் தடைகள், ஒவ்வொன்றும் 76.2 சென்டிமீட்டர் உயரம். இடைவெளி 35 மீட்டர். அந்த 35 மீட்டரை இத்தனை எட்டில் கடப்பது என்ற கணக்கு, கால் களைத்த பின்னும் பிசகக் கூடாது. ஓர் எட்டு பிசகினால் வேகம் போயிற்று. அது காலில் படிய ஆண்டுக்கணக்கில் பயிற்சி வேண்டும். வயிறார உணவு வேண்டும். நல்ல களமும் கற்றுத்தர ஆளும் வேண்டும். ஏழை வீட்டால் தனித்து இயலாத இவற்றைப் பொதுப்பணம் தந்தது. பின்னர் ரயில்வே வேலை கைகொடுத்தது. திறமை எங்கும் பிறக்கிறது. வாய்ப்புத்தான் சில இடங்களில் மட்டும் பிறக்கிறது!

இனி நம் குடியாத்தத்தைப் பார்ப்போம். இங்கே லுங்கி நெய்யும் கைகள். பீடி சுற்றும் கைகள். தீப்பெட்டி அடுக்கும் கைகள். பக்கத்தில் ஆம்பூரில், கடல் கடந்து போகும் காலணிகளைத் தைக்கும் பெண்கள் ஆயிரமாயிரம். உலகத்தார் காலுக்குக் காலணி தைக்கும் மண்ணின் பிள்ளை, ஓடக் களமின்றி நிற்பதா? வேலூர் மாவட்டத்தில் இன்னொரு வித்யா பிறக்கவில்லை என்று யார் சொல்ல முடியும்? பத்துத் தடைகளைத் தாண்டும் முன்பே, வறுமையும் 'பெண்ணுக்கு எதற்கு ஓட்டம்' என்ற பேச்சும் அவளை மறிக்கின்றன.

எனவே தோழர்களுக்கு நாம் சொல்வது இதுதான். சுவரொட்டி ஒட்டிப் பாராட்டியது போதும். உங்கள் பள்ளி மைதானத்தைப் போய்ப் பாருங்கள். அங்கே பந்தல்கால் குழி தோண்டப்பட்டிருந்தால், அது நம் கட்சிப் பந்தலே ஆனாலும், மூடிச் சமன் செய்யுங்கள். உடற்பயிற்சி ஆசிரியர் இடம் காலியாக இருந்தால் மனுக் கொடுங்கள், நிரப்பும்வரை விடாதீர்கள். விளையாட்டு விடுதித் தேர்வு நாளைத் தெருத்தெருவாகச் சொல்லுங்கள். ஓட விரும்பும் மகளை, வீட்டு வேலையைக் காட்டி நிறுத்தாதீர்கள்.

பத்துத் தடைகளை அவள் தாண்டுவாள். வெளியே நிற்கும் தடையை அகற்ற வேண்டியவர்கள் நாம்!